கீமோவா, அன்னமுன்னா இலையா?

வெள்ளவத்தையில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே, அதைக் குணமாக்கும் என்ற நம்பிக்கையில் முள்ளு அன்னமுன்னா (soursop) இலை வீடு தேடி வந்துவிடும். அக்கறையில்தான் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சையும் இந்த இலையும் சமமான தெரிவுகள் அல்ல.

கீமோவின் ஆபத்துகள் உண்மையானவை. முடி கொட்டும், வாய் புண்ணாகும், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. நடுச்சாமம் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டொக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பலவீனப்படுத்தலாம், அதனால்தான் முதலிலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். அதாவது, இந்த ஆபத்துகள் அளக்கப்பட்டவை, யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

இலைக் கஷாயத்துக்கு அப்படி அளவும் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, கைநழுவிப் போகும் காலம். 2018இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில், பரவாத மார்பகப் புற்றுநோய்க்கு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட 5 மடங்குக்கும் மேல்.

சரி, சாப்பாடு? அது சிகிச்சைக்குத் துணை, மாற்று அல்ல. சீனி கட்டியை வளர்க்கும் என்று பயந்து சோற்றையே விட்டால் உடம்பு மெலிந்து, அடுத்த கீமோவே தள்ளிப்போகலாம். கஞ்சி, முட்டை, பருப்பு, நன்றாக வெந்த மீன் எல்லாம் வேண்டும். மஞ்சள் கறியில் இருக்கட்டும். மாத்திரையாக விழுங்குவதென்றால் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.