வெந்தயமா, சிறுகுறிஞ்சானா, பாகலா? சர்க்கரைக்கு எது, எவ்வளவு?

சுகர் இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஒருவர் வெந்தயத்தை ஊறவைக்கச் சொல்வார். இன்னொருவர் பாகற்காயை அரைத்துக் குடிக்கச் சொல்வார். மூன்றாமவர் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடியை வாங்கிக் கையில் கொடுத்தே விடுவார். எவ்வளவு என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "ஒரு ஸ்பூன்." அந்த ஒரு ஸ்பூனை வைத்தே இவற்றை எடை போட்டுப் பார்க்கலாம்.

வெந்தயத்தைப் பற்றி நம் நாட்டிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990 வாக்கில் சர்க்கரை நோயாளிகளுக்கு வெந்தயம் கொடுத்துப் பார்த்தது. ஒரு சோதனையில் தினம் 25 கிராம், இன்னொன்றில் கொழுப்பு நீக்கிய பொடி 100 கிராம். சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் ஒரு டீஸ்பூன் வெந்தயம் நாலு கிராம்கூடத் தேறாது. 25 கிராம் என்றால் ஆறேழு ஸ்பூன்!

வெந்தயத்தில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்துதான். ஊறியதும் வழவழவென்று வருகிறதே, அதுதான் குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு விதையைக் கொட்டுகிறவர்கள் சரக்கில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறார்கள். சாப்பாட்டின் சர்க்கரையைத்தான் அது மெதுவாக்க வேண்டும் என்பதால், விடிகாலை வெறும் வயிற்றைவிடச் சாப்பாட்டோடு சேர்ப்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நம் சமையலில் வெந்தயம் ஸ்பூன் கணக்கைத் தாண்டி உள்ளே போவது வெந்தயக் களியில்தான். அதைக் கருப்பட்டி இல்லாமல் எந்த அம்மா கிண்டுவார்? பொடியைச் சப்பாத்தி மாவில் கலப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரேயடியாக அளவைக் கூட்டினால் வயிறு உப்பும்.

சிறுகுறிஞ்சான் வேறு ரகம். பச்சை இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டுப் பாருங்கள், மணலைத் தின்பது போல இருக்கும். அரை மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, நாக்குக்கு இனிப்பு தெரியாது. மிட்டாய்ப் பிரியர்களுக்கு இது ஒன்றே பெரிய உதவி. 1990இல் சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேருக்கு இதன் இலைச்சாற்றிலிருந்து எடுத்த சத்தை தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். பலருக்கு மாத்திரை அளவு குறைந்தது, ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆள் எண்ணிக்கை சிறியது, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையும் இல்லை. அதோடு, கடைப் பொடி வேறு, அந்தச் சத்து வேறு. பொட்டலத்துக்குப் பொட்டலம் வீரியம் மாறும்.

பாகலை நேராக மெட்ஃபார்மினோடு, அதாவது சர்க்கரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையோடு, மோதவிட்டுப் பார்த்தார்கள், தாய்லாந்தில். 2011இல் வந்த அந்த ஆய்வில் நாலு வாரம் தினம் 500, 1000, 2000 மில்லிகிராம் காய்ந்த பாகல் கொடுக்கப்பட்டது. 2000இல் மட்டும்தான் சொல்லும்படியான பலன், அதுவும் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மினைவிடக் குறைவு. என் வோட்டு பாகற்காய்க் கூட்டுக்கு, மாத்திரைக்கு இல்லை. கர்ப்பிணிகள் பாகல் மாத்திரை, சாறு பக்கமே போக வேண்டாம்.

அதிகம் பேசப்படாத ஒன்று கடலழிஞ்சில். இலங்கையில் இதைக் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். அதன் மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது அங்கே பழைய வழக்கம். நம் சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரிலும் இது ஒரு சரக்கு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை இதிலுள்ள சலாசினால் தடுக்கிறது. அகார்போஸ் மாத்திரை செய்யும் வேலையும் அதுவேதான். 2005இல் இலங்கையில் 51 பேரிடம் இதன் தேநீரை மருந்தில்லாத போலித் தேநீரோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) கொஞ்சம் இறங்கியது. நான் பார்த்தவற்றில் ஒழுங்காக நடத்தப்பட்ட சோதனை இது.

லவங்கப்பட்டையை விட்டுவிடலாம். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண். கடையில் கிடைக்கும் தடித்த காசியாப் பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் வேறு அதிகம், கல்லீரலுக்கு ஆகாது. போட்டே ஆக வேண்டும் என்றால் சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டையைத் தேடுங்கள்.

அப்புறம், ஆறேழு மூலிகை ஒரே குப்பியில் வரும் கலவை மாத்திரைகள். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று லேபிளைப் பாருங்கள், பல நேரம் சொற்பம்தான். மூலிகை என்று விற்ற மாத்திரைக்குள் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்து கலந்திருந்தது சில நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டே நாளில் சர்க்கரை தடாலென்று இறங்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

என் வரிசை இதுதான்: அடுக்களைக்கு வெந்தயம், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சிறுகுறிஞ்சான் அல்லது கடலழிஞ்சில், மற்றவை சமையலோடு சரி. ஒப்பிட்டுப் பார்க்க, மெட்ஃபார்மின் மூன்று மாத சராசரியை ஒன்று, ஒன்றரை புள்ளி இறக்கும். அதன் மூலமும் ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற ஒரு செடிதான்! கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் இவற்றில் எதைச் சேர்த்தாலும் முதல் சில வாரம் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள். வியர்த்து, கை நடுங்கினால் அது லோ சுகர்.