பெரம்பூரில் ஒரு சைக்கிள் அளவெடுப்பு: 56 எண் ஃபிரேமை நான் விற்ற கதை

வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்த பெரிய சைக்கிளின் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவன் நான். எந்தச் சைக்கிள் கிடைக்கிறதோ அதற்கேற்ப உடம்பை வளைத்துக்கொள்வதுதான் அன்றைய வழக்கம் என்பதால், என் உடம்பை அளந்து அதற்கேற்ற சைக்கிளைத் தேட வேண்டும் என்ற நினைப்பே நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் எனக்கு வந்தது. சென்னை பெரம்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ரோடு பைக் எனப்படும் வேகச் சைக்கிள்களுக்கு அளவெடுத்துச் சீட்டும் ஹேண்டில்பாரும் பொருத்தித் தரும் ஒருவரிடம் நான் பெற்ற சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒரு காலையில் இருவருக்கு மேல் பார்க்க இயலாது என்று கூறித் தம் பெயரையும் தெருவையும் எழுத வேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டதால், இரண்டையும் தவிர்த்திருக்கிறேன்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், நகரின் வேறொரு பகுதியில் இருக்கும் ஒரு கடையில் வாங்கிய பழைய ரோடு பைக். என் உயரம் 168 செ.மீ. சைக்கிளின் எலும்புக்கூடான ஃபிரேமின் அளவெண் 56. சற்றுப் பெரிதாக இருக்கிறதே என்று நான் தயங்கியபோது, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றிச் சீட்டை முன்னால் தள்ளிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் உறுதியளித்தார். குறுக்குக் கம்பிக்கு மேலே நின்று பார்த்தேன், காலுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது, விலையும் மலிவு. எண்ணூர் விரைவுச் சாலையில் போய், மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். வீடு திரும்பும்போது கழுத்தும் அடிமுதுகும் இறுகிக் கிடக்கும். நான்கு மாதங்கள் இது என் வயதின் குற்றம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அளவெடுப்பவர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில், அதாவது ஐ.சி.எஃப்.பில், பணியாற்றி ஓய்வு பெற்றவர். சைக்கிளுக்கு அளவெடுப்பவரை ஃபிட்டர் என்பார்கள்; ரயில்பெட்டித் தொழிற்சாலை உள்ள பெரம்பூரில் ஃபிட்டர் என்றால் பொருளே வேறு. மில்லிமீட்டர் அவர்களுக்குத் தாய்மொழி போன்றது. நான் உள்ளே நுழைந்ததும் அவர் என் உயரத்தைக் கேட்கவில்லை. எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஓட்டுகிறேன் என்பதைத்தான் கேட்டார். விடியும் முன்னே கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் போகிறவன் அடிக்கடி தலையை உயர்த்தியும் திருப்பியும் பார்க்க வேண்டும், பிரேக் எப்போதும் விரலுக்கு எட்ட வேண்டும். எனவே பந்தய வீரரைப் போல ஹேண்டில்பாரைத் தாழ்த்தி முதுகைப் படுக்க வைக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் டேப்பை எடுத்தார்.

வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நிற்க வைத்து, கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றைக் காலிடுக்கில் சீட்டு அழுத்துவது போலவே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்தார். கவட்டு உயரம் எனப்படும் இந்த அளவு, மூன்று முறை அளந்ததன் சராசரியாக, 78 செ.மீ. பேன்ட் அளவு வேறு, இது வேறு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தையற்கடை அளவைக் கொண்டுபோய் ஏமாந்தவர்கள் பலர். இந்த 78-ஐ வைத்து அவர் இரண்டு கணக்குகளைப் போட்டார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய, அவருடைய பயிற்சியாளர் சிரில் கிமார் வழிவந்த கணக்கின்படி, கவட்டு உயரத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரையிலான உயரம் கிடைக்கும். எனக்கு அது 68.9 செ.மீ. ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் வெளியிட்ட கணக்கோ, பெடல் கீழே இருக்கும்போது பெடல் அச்சிலிருந்து சீட்டு வரை கவட்டு உயரத்தின் 109 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. என் சைக்கிளின் கிராங்க் நீளம் 172.5 மி.மீ. என்பதால், அதைக் கழித்தால் 67.8 செ.மீ. வருகிறது. ஒரே காலுக்கு இரண்டு கணக்குகள் 1 செ.மீ.க்கு மேல் வேறுபடுகின்றன. இணையத்தில் ஏதேனும் ஒரு சூத்திரத்தில் எண்ணைப் போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஷூவின் தடிமன், பாதத்தின் நீளம், பெடலில் குதிகால் இறங்கும் பழக்கம் ஆகியவை இந்த இரண்டு சூத்திரங்களிலும் இல்லை.

அதனால் அவர் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி என்னைப் பத்து நிமிடம் மிதிக்க விட்டு, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் எத்தனை பாகை மடிந்திருக்கிறது என்று கோணமானியால் பார்த்தார். நேராக நீட்டிய காலிலிருந்து 25 முதல் 35 பாகை வரையிலான மடிப்பு ஏற்கத்தக்கது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. என் சீட்டு 71.5 செ.மீ. உயரத்தில் இருந்தது, ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமுமாக ஆடுவதை அவர் பின்னால் நின்று காட்டிய பிறகுதான், கைபேசியில் எடுத்த படத்தில் நானே பார்த்தேன். படிப்படியாக இறக்கி 68.4-இல் நிறுத்தினார். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட்டு தாழ்வாகவோ மிகவும் முன்னாலோ இருக்கிறது என்றும், பின்புறம் வலித்தால் உயரமாக இருக்கிறது என்றும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தந்தார்.

அடுத்து, கொத்தனார்களின் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்து அது சாய்வின்றி இருக்கிறதா என்று பார்த்தார். கிராங்கைக் கிடைமட்டத்தில் நிறுத்தி, முன்முழங்காலிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டார். நூல் பெடல் அச்சுக்கு நேராக விழ வேண்டும் என்பது பழைய விதி. இதற்கு இயற்பியல் அடிப்படை ஏதுமில்லை என்று கீத் போன்ட்ரேகர் என்ற சைக்கிள் வடிவமைப்பாளர் எழுதியிருப்பதை நினைவூட்டினேன். தொடங்குவதற்கு ஒரு கோடு வேண்டும், அவ்வளவுதான் என்றார். எனினும் அந்த நூலுக்கு அவர் கொடுத்த நேரத்தில் பாதியைச் ஷூவைப் பெடலோடு பூட்ட அதன் அடியில் பொருத்தும் கிளீட்டுக்குக் கொடுத்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நூல் காட்டியது எதுவாக இருந்தாலும், சீட்டு மிகவும் முன்னால் இருந்தது என்பதில் ஐயமில்லை. உடம்பின் எடை கைகளில் விழுவதற்கு அதுவே காரணம். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதால்தான் அந்த இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன. ஆனால் சீட்டைப் பின்னால் தள்ளினால் ஹேண்டில்பார் இன்னும் தொலைவுக்குப் போகிறது. 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 மி.மீ. ஸ்டெம் போட்டுப் பார்த்தார், 44 செ.மீ. ஹேண்டில்பாருக்குப் பதில் என் தோளகலத்துக்கேற்ற 40 செ.மீ. பாரைப் பிடித்துக் காட்டினார். அப்படியும் முழங்கையை மடிக்க முடியாமல் நீட்டியே பிடிக்க வேண்டியிருந்தது.

“தம்பி, சீட்டு நகரும், ஸ்டெம் மாறும். ஃபிரேம் நகராது. இதை வித்துடுங்க” என்றார். கையில் விற்பனைக்கு ஸ்டெம்களும் பார்களும் வைத்திருப்பவர் இதைச் சொன்னதுதான் என்னை வியக்க வைத்தது.

அதன் பின் நடந்த அரை மணி நேரம்தான் நான் கொடுத்த 1,500 ரூபாய்க்கு முழு மதிப்பு. ஒரு காலத்தில் குறுக்குக் கம்பி கிடைமட்டமாக இருந்ததால், சீட்டுக் குழாயின் நீளமே ஃபிரேமின் அளவாக இருந்தது. 1990-களின் இறுதியில் ஜயன்ட் நிறுவனத்துக்காக மைக் பரோஸ் வடிவமைத்த டி.சி.ஆர். போன்ற சைக்கிள்கள் குறுக்குக் கம்பியைச் சரித்து, சில அளவுகளிலேயே பலரையும் அடக்கிய பிறகு, அந்த எண் பெயரளவுக்கு ஆகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் 52 இன்னொன்றின் 54 ஆகவும் வேறொன்றின் ‘எம்’ ஆகவும் இருக்கிறது. ஆகையால் பார்க்க வேண்டியவை இரண்டே அளவுகள்: கிராங்க் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில்பாருக்கு அடியிலுள்ள தலைக்குழாயின் உச்சி வரை நேர் உயரமான ஸ்டேக், அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைத் தொலைவான ரீச்.

என் 56-க்கு ஸ்டேக் 571, ரீச் 391 மி.மீ. நான் பார்த்து வைத்திருந்த சிறிய ஃபிரேமுக்கு 541, 371. வித்தியாசம் 20 மி.மீ. தானே, ஸ்டெம்மால் ஈடுகட்டலாமே என்றேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: இரண்டிலும் ஹேண்டில்பார் ஒரே உயரத்தில் இருக்க வேண்டுமானால் சிறிய ஃபிரேமில் ஸ்டெம்முக்கு அடியில் 30 மி.மீ. ஸ்பேசர் வளையங்கள் போட வேண்டும். தலைக்குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், வளையம் 10 மி.மீ. ஏறும்போதெல்லாம் பார் ஏறத்தாழ 3 மி.மீ. நம் பக்கம் வரும். ஆக 371 என்பது 362 ஆகிறது, 90 மி.மீ. ஸ்டெம் சேர்த்தால் 452. பெரிய ஃபிரேமில் 80 மி.மீ. ஸ்டெம் போட்டும் 471. கிட்டத்தட்ட 2 செ.மீ. வேறுபாடு, அதுவும் பார் உயரத்தைக் குறைக்காமல். ஸ்டெம்மை மேலும் குட்டையாக்கினால் எட்டும்தான். ஆனால் அந்த ஃபிரேமின் முன்சக்கரம் திரும்பும் அமைப்பு அவ்வளவு குட்டை ஸ்டெம்முக்கென அமைந்ததல்ல என்பதால், காசிமேட்டுப் பக்கக் குழிகளில் முன்சக்கரம் படபடக்கும் என்றார்.

சிறிய ஃபிரேமை வாங்கிக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் போனேன். இரண்டாம் முறைக்குப் பணம் வாங்கவில்லை. கிராங்க் 170 மி.மீ. ஆகிவிட்டதால் சீட்டை 2 மி.மீ. மட்டும் உயர்த்தினார். சீட்டுக்கும் பாருக்கும் இடையிலான தாழ்வு சுமார் 5 செ.மீ. இப்போது பழவேற்காடு வரை போய்த் திரும்புகிறேன். கழுத்து வலி இல்லை, அடிமுதுகு வலி இல்லை.

குறைகளும் உண்டு. இடம் குறுகலானது, மின்விசிறி ஒன்றுதான். ஸ்டாண்டில் மிதிக்கும்போது வியர்வை தரையில் வழிகிறது. முன்பதிவு வாய்மொழியாகவே நடப்பதால் ஒரு ஞாயிறு நான் வந்த நேரத்தில் வேறொருவர் ஏறியிருந்தார். அளவுகளைப் பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். ஈரக் கையில் அழிந்துவிடும், உடனே படமெடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டும்போது அணியும் ஷார்ட்ஸும் ஷூவும் எடுத்துப் போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சைக்கிள் வாங்கும் முன்பே அவரிடம் போவது நல்லது. சைக்கிளே இல்லாமல் வருகிறவர்களுக்கு, அளந்து ஸ்டேக்கும் ரீச்சும் மட்டும் எழுதித் தர 500 ரூபாய்தான் வாங்குகிறார்.

என் வலக்கைச் சுண்டுவிரல் மட்டும் நெடுநேர ஓட்டத்தின் முடிவில் இன்னும் லேசாக மரத்துப்போகிறது. ஹேண்டில்பாரைச் சற்று மேல்நோக்கிச் சுழற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்; வரும் ஞாயிறு ஏழு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.