டிவி சர்வீஸ் மெனுவும் எரர் கோடும்: கடையில் தினமும் புழங்கிய அனுபவம்

பெரம்பூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பிக்சர் டியூப் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவன். ரிமோட்டில் சில பட்டன்களை வரிசையாக அமுக்கினால் திறக்கும் சர்வீஸ் மெனுவையும், டிவி லைட் மினுக்கிக் காட்டும் எரர் கோடுகளையும் இத்தனை வருடமாகப் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். "இந்த நம்பரைப் போடுங்க, டிவி சரியாயிடும்" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அப்படிச் சரியாவது அபூர்வம். ஆனால் எந்தப் பக்கம் கழற்றிப் பார்க்கணும், எதில் கையே வைக்க வேண்டாம் என்பதை இந்த மெனு சொல்லிவிடும். பல வீடுகளில் தேவையில்லாமல் போர்டு மாற்றும் செலவு அதனால் மிச்சமாகியிருக்கிறது. ஆகவே என் கட்சி இதுதான்: சர்வீஸ் மெனுவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் உள்ளே போகும் வழி. சாம்சங்கில் டிவியை ஸ்டேண்ட்பையில் வைத்து இன்ஃபோ, மெனு, மியூட், பவர் என்று வரிசையாக அமுக்கினால் பல மாடல்களில் திறக்கும். சோனியில் டிஸ்ப்ளே, 5, வால்யூம் கூட்டும் பட்டன், பவர். அதே வரிசையில் வால்யூம் குறைக்கும் பட்டனை அமுக்கினால் பல பிராவியா மாடல்களில் செல்ஃப் டயக்னாசிஸ் பக்கம் வரும். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. எந்தக் கோளாறு எத்தனை தடவை வந்தது, பேனல், அதாவது திரை, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பட்டியலாக இருக்கும். எல்ஜிக்குத் தனி சர்வீஸ் ரிமோட் வேண்டும். அதில் இன்-ஸ்டார்ட் என்ற பட்டனை அமுக்கினால் பாஸ்வேர்ட் கேட்கும். பல மாடல்களில் 0413, சிலவற்றில் 0000. அந்த ரிமோட் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும். ரிமோட் மாதிரி ஐஆர் (அகச்சிவப்பு) சிக்னல் அனுப்பும் போன் இருந்தால் ஆப் போட்டும் ஒப்பேற்றலாம்.

பிலிப்ஸ்காரர்கள் யோசித்தது நல்ல யோசனை. 123654 என்று அமுக்கினால் கஸ்டமர் சர்வீஸ் மோடு வரும். அதில் எதையும் மாற்ற முடியாது, வெறுமனே பார்க்கலாம். டிவி வாங்கியவரே திரையைப் பார்த்து, சர்வீஸ் சென்டருக்குப் போனில் படித்துச் சொல்வதற்காகச் செய்தது. கைவைக்கிற மெனு வேறு: 062596 போட்டு இன்ஃபோ பட்டன். பார்க்கிற இடத்தையும் மாற்றுகிற இடத்தையும் இப்படிப் பிரித்து வைத்ததை எல்லா கம்பெனியும் செய்திருந்தால் எங்கள் கடைக்கு வருகிற வீண் கேஸ்கள் பாதி குறைந்திருக்கும்.

லைட் மினுக்குவதற்கு வருகிறேன். காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா போன் செய்தார்.

"தம்பி, டிவி ஒரு வாரமா கண்ணடிச்சிட்டே இருக்கு. வந்து பார்த்தவரு மெயின் போர்டு போச்சு, எட்டாயிரம் ஆகும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"எத்தனை தடவை கண்ணடிக்குதுன்னு எண்ணினீங்களாக்கா?"

"அதைப் போய் யாருப்பா எண்ணுவாங்க?"

எண்ணத்தான் வேண்டும். சிவப்பு லைட் சில தடவை மினுக்கும், கொஞ்சம் நிற்கும், திரும்ப அதே எண்ணிக்கையில் மினுக்கும். முதல் சுற்றை விட்டுவிடுங்கள், நடுவிலிருந்து பார்த்திருப்போம். அடுத்து வரும் இரண்டு மூன்று சுற்றும் ஒரே எண்ணாக வந்தால்தான் அது கணக்கு. அந்த அக்கா வீட்டு டிவி ஐந்து தடவை மினுக்கியது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஐந்து என்றால் டிகான் (படத்தைப் பேனலுக்கு ஏற்ற மாதிரி பிரித்து அனுப்பும் சின்ன போர்டு) அல்லது பேனல் பக்கம் கோளாறு. முன்னால் வந்தவர் சொன்ன மெயின் போர்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு கேபிள் மட்டும்தான் ஓடுகிறது.

பின்மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. மெயின் போர்டிலிருந்து டிகானுக்குப் போகும் அந்தப் பட்டை கேபிளின் முனையில், பின்கள் இருக்கும் இடத்தில், பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. டிவி ஜன்னலுக்கு நேராக மாட்டியிருந்தது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல். கேபிளை உருவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் கனெக்டரின் இரண்டு பக்கமும் தேய்த்தேன். பிரஷ் முனை பச்சையாகிவிட்டது. காய்கிறவரை காத்திருந்து திரும்பச் சொருகியதும் படம் வந்தது. போர்டில் ஒரு ரெசிஸ்டரைக்கூட மாற்றவில்லை. டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். ராயபுரம், திருவொற்றியூர், பெசன்ட் நகர் என்று கடலோரம் குடியிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உப்புக்காற்றுக்கு எல்லா பிராண்டும் ஒன்றுதான்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எரர் கோடு எந்த உறுப்பு கெட்டது என்று சொல்லாது, டிவியின் மூளை எங்கே பதில் கிடைக்காமல் நின்றது என்றுதான் சொல்லும். டிகானைக் கூப்பிட்டது, பதில் வரவில்லை, ஐந்து மினுக்கு. டிகான் செத்திருக்கலாம், பேனல் ஷார்ட் ஆகியிருக்கலாம், வெறும் களிம்பாகவும் இருக்கலாம். கோடைப் பார்த்த உடனே அந்த போர்டை ஆர்டர் போடுவது காசைக் கரியாக்குகிற வேலை.

எண்களைப் பொதுவாக மனப்பாடம் செய்வதிலும் ஆபத்து இருக்கிறது. சோனியின் பழைய வேகா டியூப் டிவிகளில் நான்கு மினுக்கு என்றால் வெர்ட்டிகல் பகுதி, படத்தை மேலிருந்து கீழாக விரிக்கும் இடம். பிராவியா எல்சிடிகள் பலவற்றில் அதே நான்கு பேக்லைட் பக்கத்தை, அதாவது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பகுதியைக் காட்டும். இரண்டு மினுக்கு என்றால் பவர் சப்ளை பக்கம், ஏழு என்றால் சூடு என்பது பிராவியாவில் பரவலாகப் பொருந்தும். இருந்தாலும் மாடல் நம்பரை வைத்து சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் நான் முடிவுக்கு வருவதில்லை.

கடைக்கு வரும் எல்இடி டிவிகளில் பெரும்பாலானவை பேக்லைட் கேஸ்கள்தான். சத்தம் வரும், படம் ஒரு விநாடி வந்துவிட்டு இருண்டுவிடும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை. எல்இடி ஸ்ட்ரிப்பில் உள்ள குட்டி பல்புகள் சீரியலில் கோர்த்தவை, பெரும்பாலும் ஒவ்வொன்றும் 3 வோல்ட், சிலது 6 வோல்ட். ஒன்று அறுந்தாலும் அந்த வரிசை முழுவதும் போய்விடும். அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் ஐசி வோல்டேஜை ஏற்றிப் பார்த்துவிட்டு, பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். எல்ஜி சர்வீஸ் மெனுவில் பவர் ஆஃப் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி உண்டு. டிவி கடைசியாக ஏன் அணைந்தது என்ற காரணம் அதில் வரிசையாக இருக்கும்: ரிமோட்டில் அணைத்தார்கள், கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எரர் (வீட்டு இன்வெர்ட்டர் அல்ல, டிவிக்குள் பேக்லைட்டை ஓட்டும் பகுதி) என்று. "தானாவே ஆஃப் ஆகுது சார்" என்று கொண்டுவருகிறவர்களின் டிவியில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். கரண்ட் போனது என்று வரிசையாக வந்தால் டிவியைத் திறக்கவே மாட்டேன், வீட்டு ப்ளக் பாயிண்ட்டைப் பார்க்கச் சொல்வேன். லூசான சாக்கெட், பழைய ஸ்பைக் பஸ்டர், இவைதான் காரணமாக இருக்கும்.

பேக்லைட் போனால் கெட்ட ஒரு பல்பை மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செட்டாகத்தான் மாற்றுவேன். ஒரே வயதுள்ள மற்ற பல்புகளும் அடுத்தடுத்துக் கழுத்தறுக்கும். மாற்றிய பிறகு கரண்டைக் கொஞ்சம் குறைத்து விடுகிறேன். வெளிச்சம் லேசாகக் குறையும், ஆயுள் நன்றாகக் கூடும். வீட்டில் இருப்பவர்கள் இதற்காக சர்வீஸ் மெனுவுக்குள் போக வேண்டியதில்லை. சாதாரண செட்டிங்ஸில் பேக்லைட் 100-ல் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அளவு அது. 60, 70 போதும்.

இப்போது கைவைக்கக் கூடாத இடங்கள். சாம்சங் மெனுவில் ஆப்ஷன் என்பதற்குள் டைப் என்று ஒரு வரி இருக்கும். டிவிக்குள் எந்த பேனல் இருக்கிறது என்பதை அது குறிக்கும். அம்புக்குறியில் ஒரு தட்டு தட்டினால் மாறிவிடும். மாறினால் படம் தலைகீழாகலாம், நிறம் கெடலாம், திரையே கருப்பாகி எதுவும் தெரியாமலும் போகலாம். அப்புறம் அதே மெனுவைக் கண்ணைக் கட்டிக்கொண்டு இயக்கிப் பழைய இடத்துக்கு வர வேண்டும். எல்ஜி சர்வீஸ் ரிமோட்டில் இன்-ஸ்டாப் பட்டன் டிவியை ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே கடைப் பையன்களுக்கு நான் போட்டிருக்கும் விதி: மெனு திறந்ததும் முதல் வேலை, போனை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடு. அப்புறம்தான் அம்புக்குறியில் விரல் வைக்கணும். டைப், பேனல், வெள்ளை நிறத்தைச் சரிப்படுத்தும் வைட் பேலன்ஸ் எண்கள், இந்த மூன்றுக்கும் போட்டோ இல்லாமல் யாரும் தொடக் கூடாது.

மெனுவாலேயே முழுக்கச் சரியாகும் கேஸ் ஒன்று உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். திருவல்லிக்கேணி லாட்ஜ்களிலிருந்து பழைய டிவிகள் மொத்தமாக விற்பனைக்கு வரும். வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே வருவார்: "அண்ணே, சத்தம் ஒரு அளவுக்கு மேல ஏற மாட்டேங்குது, எப்ப போட்டாலும் அதே சேனல்தான் வருது." ரிமோட்டை மாற்றிப் பார்த்திருப்பார், ஸ்பீக்கரைக்கூட மாற்றியிருப்பார். அது ஹோட்டல் மோடு. விருந்தாளிகள் சத்தமாக வைக்காமலும் செட்டிங்ஸைக் கலைக்காமலும் இருக்கப் பூட்டி வைத்தது. சர்வீஸ் மெனுவில் ஹோட்டல் ஆப்ஷனை ஆஃப் செய்தால் தீர்ந்தது. இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

ரிச்சி தெருவில் கிடைக்கும் வி56, வி59 யுனிவர்சல் போர்டுகளுக்கும் இந்த மெனு அவசியம். மெயின் போர்டு கிடைக்காத பழைய டிவிக்கு இந்த போர்டு போட்டால் ஓட்டிவிடலாம். முதலில் ஆன் செய்யும்போது படம் தலைகீழாகவோ, முகமெல்லாம் நெகட்டிவ் ஃபிலிம் மாதிரியோ வந்தால் பயப்பட வேண்டாம். மெனு பட்டன், பிறகு 1147 போட்டால் பல போர்டுகளில் உள்ளே போகலாம். அங்கே மிர்ரரையும் (படத்தைத் திருப்பும் செட்டிங்) எல்விடிஎஸ் மேப்பையும் (பேனலுக்குப் படத் தகவல் போகும் ஒழுங்கு) மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் பேனலுக்குப் போகும் வோல்டேஜை போர்டில் இருக்கும் ஜம்பர், அதாவது இடம் மாற்றிச் சொருகும் குட்டி இணைப்புதான் முடிவு செய்கிறது: 3.3, 5, 12 என்று. 5 வோல்ட் பேனலுக்கு 12 கொடுத்தால் எந்த மெனுவும் காப்பாற்றாது. பேனல் நம்பரை வைத்து டேட்டாஷீட் பார்த்த பிறகே ஜம்பரைப் போடுங்கள்.

பழைய டிவி வாங்குகிறவர்களுக்கு இந்த மெனு பெரிய துணை. பேனல் ஓடிய மணி நேரம் பல பிராண்டுகளில் உள்ளேயே பதிந்திருக்கும். "வீட்ல யாரும் பாக்க மாட்டாங்க சார், சும்மா இருந்த டிவி" என்று விற்பவர் சொல்வதையும் அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 1,800 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். 20,000 என்று காட்டினால் பேக்லைட் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். எண்ணை அழிக்கவும் வழி உண்டு என்பதால், பழைய டிவியில் 12 மணி நேரம் என்று காட்டினால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும்.

இப்போது எனக்கு இருக்கும் வருத்தம், இந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு வருவது. புது ஸ்மார்ட் டிவிகளின் சின்ன ரிமோட்டில் இன்ஃபோ பட்டன் இல்லை, நம்பர் பட்டன் இல்லை. பழைய ஐஆர் ரிமோட்டுகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். சர்வீஸ் மேனுவல் கேட்டால் அங்கீகரிக்கப்பட்ட சென்டருக்கு மட்டும்தான் என்று பதில் வருகிறது. கம்பெனிகள் ரிப்பேர் விவரங்களைப் பொதுவில் தருவதற்காக 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ரைட் டு ரிப்பேர் போர்ட்டலைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருட்களும் அதில் வருகின்றன. மினுக்கு எண்களின் அர்த்தத்தை ஒவ்வொரு டிவியின் பின்மூடியிலும் ஒட்டிக் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒரு ஸ்டிக்கர் செலவுதான். அது இருந்திருந்தால் காசிமேட்டு அக்காவிடம் யாரும் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் நீங்களே பின்மூடியைத் திறக்கப் போவதாக இருந்தால், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். மல்டிமீட்டரில் அளந்து இறங்கிவிட்டதா என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். திறக்கப் போவதில்லை என்றால் எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னாலும் இரண்டு காரியம் செய்யுங்கள். டிவியின் பின்னால் இருக்கும் முழு மாடல் நம்பரைப் போட்டோ எடுங்கள். லைட் மினுக்குவதை ஒரு நிமிஷம் வீடியோ எடுங்கள், மூன்று சுற்றாவது அதில் வர வேண்டும். இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இது எதைக் காட்டுது?" என்று கேளுங்கள். மேனுவலைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்பவரை வீட்டுக்கு வரச் சொல்லலாம்.