பீட்டிலின் பின்பக்கத்துக்கு யூரித்தேன் புஷ்: எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

பின்பக்கம் தொங்கிப்போன பழைய வண்டியை இது நிமிர்த்திவிடும் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள்: சிவப்பு யூரித்தேனில் (ரப்பரைவிடக் கெட்டியான ஒரு பிளாஸ்டிக்) நாலு புஷ், அதாவது இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவே உட்காருகிற வளையம், கூடவே ஒரு சின்ன கிரீஸ் பொட்டலம். இதை என் வண்டிக்குப் போட்டேன். அதே சமயத்தில் மச்சான் வண்டிக்கு வழக்கமான ரப்பர் புஷ் போட்டோம். இரண்டுமே ஸ்விங் ஆக்ஸில் வண்டிகள் (பின் ஆக்ஸிலின் இரு பாதியும் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து தனித்தனியாக மேலும் கீழும் ஆடுகிற வகை), இரண்டையும் மாட்டியது ஒரே கை. அதனால் ஒப்பிட்டுச் சொல்லலாம். புஷ் நல்ல புஷ்தான். பெட்டியில் இருக்கிற வாக்கியம்தான் பொய்.

என்னுடையது 1965 மாடல். தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு குழியில், பின் சீட்டில் ஆட்களோடு, இடது பின்சக்கரம் மொத்தமாக இறங்கியது. அதற்கப்புறம் வண்டி நின்றால் இடது பின்மூலை தாழ்ந்திருக்கும். கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நாளில் இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய ஆரம்பித்தது. பார்த்த மெக்கானிக் மூலையைக் கையால் அமுக்கிவிட்டு, "ஷாக் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திருங்க" என்றார்.

ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும், எடையைத் தாங்காது. இந்த வண்டியில் அதன் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டாலும் நிற்கிற உயரம் மாறாது. எடை முழுவதையும் சுமப்பது டார்ஷன் பார். பின் ஆக்ஸிலுக்கு முன்னால் குறுக்காக ஒரு தடித்த குழாய் ஓடுகிறதே, அதற்குள் பக்கத்துக்கு ஒரு எஃகுத் தண்டு. உள்முனை குழாயின் நடுவில் பற்களில் பூட்டியிருக்கும். வெளிமுனை, ஸ்பிரிங் பிளேட் என்கிற தட்டையான எஃகுக் கையின் பற்களில் பூட்டியிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான் ஸ்பிரிங். நாம் பேசுகிற புஷ், அந்தக் கை குழாயின் வாயில் திரும்புகிற இடத்தில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக உட்கார்ந்திருக்கும். வண்டி எந்த உயரத்தில் நிற்கும் என்பதைப் பற்களின் கோணமும் தண்டின் பலமும் தீர்மானிக்கின்றன. புஷ் முழுக்க நசுங்கினால் சில மில்லிமீட்டர் இறங்கலாம். மூலையே தொங்குகிறது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் அளந்தோம். சமதளத் தரை, நாலு டயரிலும் சரியான காற்று, பின்சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டு ஒரு தடவை. மட்கார்டு விளிம்பிலிருந்து தரை வரைக்கும் அளப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். அறுபது வருட வண்டியில் மட்கார்டு எத்தனை முறை கழன்று ஏறியதோ யார் கண்டது. டார்ஷன் குழாயின் இரு முனைகளிலிருந்தும் தரைக்கு அளப்பதுதான் சரி. இன்னொன்று, ஜாக்கியில் ஏற்றி இறக்கிய கையோடு அளந்தால் கணக்கு தப்பும். ஸ்விங் ஆக்ஸிலில் வண்டியைத் தூக்கினால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். இறக்கினாலும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டின பிறகுதான் உண்மையான நிலைக்கு வரும்.

பின்பக்கச் சாய்வுக்குப் பின்பக்கம்தான் காரணம் என்றும் இல்லை. முன்பக்க ஸ்பிரிங் ஒன்று களைத்திருந்தாலும் அதே பக்கப் பின்மூலையும் தாழும். முன் ஆக்ஸிலின் நட்டநடுவில் ஒரே ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கினால் முன்பக்கத்தின் பங்கு போய்விடும். தூக்கிப் பார்த்தோம், சாய்வு அப்படியே இருந்தது. சரி, பின்னால்தான்.

அடுத்து தூக்குக் குண்டு. நாலு சக்கர மையத்திலிருந்தும் தரையில் புள்ளி வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தோம். பீட்டிலுக்கு இது 2400 மில்லிமீட்டர். வலது சரியாக வந்தது, இடது 3 மில்லிமீட்டர் கூட. அதாவது இடது ஆக்ஸில் பின்னால் நகர்ந்திருக்கிறது, சக்கரத்தின் முன்முனை வெளியே பார்க்கிறது. டயரின் உள்விளிம்பு தேய்ந்ததில் பாதிக் கதை இது. மீதிப் பாதி தாழ்வு. ஸ்விங் ஆக்ஸிலில் மூலை தாழ்ந்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும்.

சக்கரத்தைக் கழற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் சாட்சி கிடைத்தது. ஸ்பிரிங் பிளேட்டும் ஆக்ஸில் குழாயின் முகப்பும் சேருகிற இடத்தில் முன்பு யாரோ உளியால் ஒரு கோடு வெட்டி வைத்திருந்தார்கள். கழற்றி மாட்டும்போது அதே இடத்தில் உட்காரட்டும் என்று செய்வது அது. இப்போது பிளேட்டில் உள்ள பாதிக் கோடும் முகப்பில் உள்ள பாதிக் கோடும் சேரவில்லை. நடுவே துரு இல்லாத பளபளப்பான ஒரு சின்னக் கீற்று. போல்ட் துளைகள் அங்கே நீள்வாக்கில் இருக்கும். குழியின் அடியில் ஆக்ஸில் அந்த நீளத்துக்குள் வழுக்கியிருக்கிறது.

பிளேட்டைக் கழற்றுவது விளையாட்டில்லை. ஆக்ஸிலை விடுவித்த பிறகும் அது சட்டத்தின் கீழ்த் தடுப்பில் முறுக்கோடு அழுந்திக்கொண்டிருக்கும். அடியில் ஜாக்கி கொடுத்து, சங்கிலியால் கட்டி, மெதுவாக இறக்க வேண்டும். காலை அந்தப் பக்கமே வைக்கக்கூடாது. பிரேக் ஹோஸில் ஆக்ஸிலின் எடை தொங்கக்கூடாது, ஹேண்ட்பிரேக் கேபிளை முன்கூட்டியே தளர்த்திவிட வேண்டும்.

வெளிப்புற புஷ்ஷை அழுத்திப் பிடிக்கிற மூடியின் நாலு போல்ட்டையும் எடுத்ததும் 'டொக்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. வெளிப்புற ரப்பர் புஷ்ஷின் அடிப்பாகம் காகிதம் மாதிரி மெலிந்து கிழிந்திருந்தது. பிளேட்டின் கழுத்து நேராக மூடியின் இரும்பில் உரசி, அங்கே பிறை வடிவில் ஒரு தேய்ந்த தடம். விரலை வைத்தால் விளிம்பு தட்டுப்படும் அளவுக்கு ஆழம்.

இங்கே இன்னொரு பொருளுக்குப் பாராட்டு சொல்ல வேண்டும்: அடியில் காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி. தச்சு வேலைக்கு விற்கிற சாதாரண ரகம், ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு காட்டும். பிளேட்டைத் தடுப்பிலிருந்து விடுவித்துத் தொங்கவிட்டு அதன்மேல் ஒட்ட வைத்தோம். கதவுக்கு அடியில் உள்ள படிச் சட்டத்தின் கோணத்தைத் தனியாக எடுத்துக் கழித்தோம். வண்டி முன்னோ பின்னோ சாய்ந்திருந்தாலும் அந்தப் பிழை இப்படிப் போய்விடும். வலது பக்கம் சர்வீஸ் அளவோடு ஒத்துப்போனது. இடது 1.7 டிகிரி குறைவு. தண்டில் விரிசல் இல்லை, சட்டமும் வளையவில்லை. வயதும் அந்தக் குழியும் சேர்ந்து தண்டைத் தளர்த்தியிருக்கின்றன.

இந்த வண்டியை வடிவமைத்தவர்களை நான் மெச்சுகிற இடம் இதுதான். தண்டின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளியே ஒரு பல் என்றால் 8 டிகிரி 10 நிமிடம் (கோணக் கணக்கில் 60 நிமிடம் ஒரு டிகிரி). உள்முனையை ஒரு பக்கமும் பிளேட்டை எதிர்ப்பக்கமும் ஒவ்வொரு பல் திருப்பினால் மிஞ்சுவது வெறும் 50 நிமிடம், ஒரு டிகிரிக்கும் குறைவு. சக்கரத்தில் அது அரை சென்டிமீட்டரை ஒட்டி வரும். எங்களுக்கு வேண்டியது அதில் இரண்டு படி. திருப்பி, கோணமானியை மறுபடி வைத்துப் பார்த்தபோது வலதுக்கும் இடதுக்கும் வித்தியாசம் கோணமானியின் பிழைக்குள் அடங்கிவிட்டது. தண்டை வெளியே எடுக்கும்போது பெயிண்டில் கீறல் விழாமல் பார்க்க வேண்டும். அந்தக் கீறலில் துரு பிடித்து, அங்கேயே ஒருநாள் முறியும். இடது, வலது தண்டுகளை மாற்றிப் போடவும் கூடாது. ஒவ்வொன்றும் அதனதன் திசையில் முன்முறுக்கு ஏற்றப்பட்டது.

ஆக, வண்டியை நிமிர்த்தியது பற்கள். டயர் தேய்வை நிறுத்தியதில் ஆக்ஸிலைப் பழைய உளிக்கோட்டுக்குக் கொண்டுவந்து இறுக்கியதற்கும் பங்குண்டு. புஷ் செய்தது, 'டொக்'கை நிறுத்தியது. அந்த ஒரு வேலையை அது சுத்தமாகச் செய்தது. அதற்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இப்போது புஷ்ஷைப் பற்றி. வார்ப்பு நேர்த்தி, பிசிறு இல்லை. உட்புற புஷ் கையாலேயே உட்கார்ந்துவிட்டது. வெளிப்புறம் மல்லுக்கு நின்றது. ரப்பரில்கூட மூடியை உட்கார வைக்க முதலில் நீளமான இரண்டு போல்ட்டைப் போட்டு இழுப்பதுதான் வழக்கம். ரப்பர் அமுங்கிக் கொடுக்கும், யூரித்தேன் கொடுக்காது. நீளப் போல்ட்டைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் விளிம்பை ஒரு நூல் அளவு சீவின பிறகுதான் மூடி படிந்தது. பொட்டலத்தில் இருந்த கிரீஸ் ஒரு பக்கத்துக்கே போதவில்லை. மறுபக்கத்துக்குத் தனியாக சிலிக்கான் கிரீஸ் வாங்கினேன். கூட வந்த காகிதத்தில் முறுக்கோடு நிற்கும் பிளேட்டைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை. இது சின்னக் குறை இல்லை.

ஓட்டத்தில், திருப்பங்களில் பின்பக்கம் முன்பைவிட உறுதியாக இருக்கிறது. சின்னச் சின்ன மேடு பள்ளம் எல்லாம் இடுப்புக்குத் தெரிகிறது. மச்சானின் வண்டியில் அது தெரியாது. என் வண்டியில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்து, "மாப்ள, கல்லு கல்லா எண்ணலாம் போல" என்றான். மிகைதான், ஆனால் திசை சரி.

எனக்கு உறுத்துவது சொகுசுக் குறைவு இல்லை. ஸ்விங் ஆக்ஸிலில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்ஸில் குழாய் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வளைவாக ஆடுகிறது, ஸ்பிரிங் பிளேட் வேறொரு அச்சில் மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டும் போல்ட் போட்டு இணைந்தவை. அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பிளேட் கொஞ்சம் முறுகியே ஆக வேண்டும். மெலிந்த எஃகாக அதைச் செய்ததே அதற்காகத்தான். ரப்பர் அந்த முறுகலுக்கு வளைந்து கொடுக்கும். கெட்டியான யூரித்தேன் எதிர்த்து நிற்கும், அந்தச் சுமை பிளேட்டுக்கும் மூடிக்கும் போகும். வளைவுகளில் வேகம் தேடுகிறவர்களுக்கு அது சம்மதமான பேரமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிற வண்டிக்கு என் ஓட்டு ரப்பருக்கு.

ரப்பர் செட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். உள்புஷ்ஷும் வெளிபுஷ்ஷும் ஒன்றல்ல, மாடல் வருடத்தைப் பொறுத்து அளவும் மாறும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் மெதுவாக மீள வேண்டும். கிரீஸ் தடவிவிடாதீர்கள், பெட்ரோலிய கிரீஸில் ரப்பர் ஊதிவிடும். டால்கம் பவுடர் தூவினால் போதும். யூரித்தேன்தான் என்று முடிவு செய்துவிட்டால் சிலிக்கான் கிரீஸ் ஒரு முழு டியூப் சேர்த்தே வாங்கிவிடுங்கள். காய்ந்தால் கீச்சிடும், அப்புறம் மூடியை மறுபடி திறப்பதைத் தவிர வழியில்லை. எதைப் போட்டாலும் இரு பக்கமும் ஒரே வகையாக இருக்கட்டும். சில நாள் ஓடின பிறகு மூடி போல்ட்டுகளையும் ஆக்ஸில் முகப்புப் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் மூடிப் போல்ட் எல்லாமே கால் சுற்று வாங்கின.