ஸ்டீல் மில் மாடல் ஆர்டர் கொடுக்கிறீர்களா? முதலில் கதவின் உயரத்தைக் கேளுங்கள்

அமெரிக்காவில் மாடல் ரயில் வைத்திருக்கும் நம் ஆட்கள் கவனத்துக்கு. எச்.ஓ. ஸ்கேலில் (அசலில் 87இல் ஒரு பங்கு அளவு) முழு ஸ்டீல் மில் செய்து தருகிறேன், ஊதுலையிலிருந்து ரோலிங் மில் வரை எல்லாமே கைவேலை என்று ஒருவர் விளம்பரம் போட்டு ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் 2,400 டாலர் வாங்கிக்கொண்டு, பாதுகாப்பாகத் தொடக்கூட முடியாத ஒரு பொருளை அனுப்பி வைத்தார். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் எப்படிப் பேசுகிறார், எப்படி இழுத்தடிக்கிறார், என்ன அனுப்புகிறார் என்பதை முழுக்க எழுதுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் நம்மவர்கள் குறைவு. ஒருவருக்கு நடந்தது இன்னொருவர் காதுக்கு எட்டுவதில்லை என்பதுதான் இவரைப் போன்றவர்களுக்கு வசதி.

நான் இருப்பது பிட்ஸ்பர்க் பக்கம். மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் கேரி ஃபர்னஸ் என்ற பழைய இரும்பு உருக்கும் இடம் இருப்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஹோம்ஸ்டெட் ஆலைக்கு இரும்பு உருக்கிக் கொடுத்த ஊதுலைகளில் இப்போது மிஞ்சியிருப்பவை ஆறாம், ஏழாம் எண் உலைகள்தான். 1907இல் கட்டியவை, 1978 வரை ஓடியவை, 92 அடி உயரம். 1950, 60களில் நாளுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு இறக்கிய இடம் அது. 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பு வெயில் காலத்தில் உள்ளே கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு அடுத்தபடி நான் கூட்டிப்போகும் இடம் இதுதான். உருகிய இரும்பை ரயிலில் ஏற்றி, ரேங்கின் ஹாட் மெட்டல் பாலம் என்ற ரயில் பாலம் வழியாக ஆற்றைக் கடத்தி, அக்கரையில் ஹோம்ஸ்டெட் ஆலைக்குக் கொண்டுபோவார்கள். அந்த ஒரு ஓட்டத்தை என் லேஅவுட்டில் (வீட்டில் மாடல் ரயில் ஓடும் தளத்தில்) கொண்டுவர வேண்டும், உருகிய இரும்பைச் சுமக்கும் டார்பிடோ கார்கள், உலையிலிருந்து இரும்பை இறக்கும் காஸ்ட் ஹவுஸுக்கு அடியில் வந்து நின்று இரும்பு வாங்கிக்கொண்டு பாலத்தில் ஏற வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

ஏன் வெளியே ஆர்டர் கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். ஸ்டீல் மில் என்பது ஸ்டேஷன் கட்டடம் மாதிரி ஒரு வார இறுதியில் ஒட்டி முடிக்கிற வேலை இல்லை. வால்தர்ஸ் கம்பெனியின் ஊதுலை கிட் நல்ல கிட்தான், ஆனால் நினைத்தபோது கடையில் கிடைக்காது. ஒரு தடவை தயாரித்தது விற்றுத் தீர்ந்தால் அடுத்த தடவை வரும்வரை பழைய பெட்டிகளின் விலை ஏறிக்கொண்டே போகும். ஊதுலை மட்டும் போதாது. தாது கொட்டும் உயரப் பாதை, அதைச் சேர்த்து வைக்கும் ஸ்டாக் ஹவுஸ், அதை உச்சிக்கு ஏற்றும் ஸ்கிப் வண்டிக்கான சரிவு, காற்றைச் சூடாக்கும் ஸ்டவ்கள், தூசி பிடிக்கும் டஸ்ட் கேச்சர், வாயுவைக் கழுவும் கேஸ் வாஷர், கசடு அள்ளும் கார்களுக்குத் தனி லைன் என்று எல்லாம் சேர்ந்தால்தான் மில். வேலைக்குப் போகிறவன் இதையெல்லாம் தனியாகச் செய்து முடிக்க வருடங்கள் ஆகும். அந்த இடத்தில்தான் இந்த ஆள் வலை விரிக்கிறார்.

ஆர்டரில் என்ன வேண்டும் என்பதை ஈமெயிலில் தெளிவாக எழுதி அனுப்பினேன். ஸ்கேல் 1:87. உலையின் உயரம் 32 சென்டிமீட்டர். (எச்.ஓ.வில் ஒரு அடிக்கு 3.5 மி.மீ., 92 அடிக்கு 322 மி.மீ.) ஸ்டவ்கள் நான்கு. டஸ்ட் கேச்சரும், உலையைச் சுற்றி ஓடும் பஸ்ல் பைப் என்ற காற்றுக் குழாயும் கட்டாயம். காஸ்ட் ஹவுஸ் தளத்துக்கு அடியில் என்னிடம் இருக்கும் டார்பிடோ கார் இடிக்காமல் போய்வர வேண்டும். காரின் உயரம், அகலம் இரண்டையும் அளந்து கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று பதில் எழுதினார். பழைய வேலைகள் என்று படங்கள் அனுப்பினார். அருமையான படங்கள். அவை வேறொருவர் செய்த மாடல் என்பது இமேஜ் தேடலில் போட்டபோது பிற்பாடு தெரிந்தது.

பாதிப் பணம் முன்பணம். பேபாலில், பொருள் வாங்கும் முறையிலேயே அனுப்பினேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இப்போது புரிகிறது. பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு எழுப்ப வேண்டும். அதற்குமேல் போனால் கதவு அடைத்துவிடும். இவர் அந்தக் கெடுவைக் கணக்கு வைத்து இழுத்தார் என்பது என் உறுதியான கருத்து. 3டி பிரிண்டர் ரிப்பேர் என்றார், வீட்டில் உடம்பு சரியில்லை என்றார், பெயின்ட் காயவில்லை என்றார். நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒரு படம் வரும். ஒரு மூலை, ஒரு ஏணி, ஒரு குழாய் வளைவு. முழு மாடலை ஒரே படத்தில் காட்டியதே இல்லை. 180 நாள் தாண்டிய கையோடு 'எல்லாம் ரெடி, மீதியை ஜெல்லில் (Zelle) அனுப்புங்கள், பேபாலில் கமிஷன் போகிறது, பணம் வந்தால்தான் பெட்டி கிளம்பும்' என்று செய்தி வந்தது. முன்பணம் மாட்டிக்கொண்டிருக்கும்போது மீதியைக் கட்டுவதைத் தவிர வேறு வழி வைக்காமல் செய்கிற வேலை இது. ஜெல் என்பது வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் முறை, அதில் நாமே ஒப்புக்கொண்டு அனுப்பிய பணத்தை வங்கி பொதுவாகத் திருப்பித் தராது. இதுவும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். இனிப்பும் காரமும் கலந்த மாதிரி, தொண்டையைப் பிடிக்கும் ரெசின் (3டி பிரிண்டரில் ஊற்றும் பிசின்) வாடை. உலையைத் தூக்கி மேஜையில் வைத்து அளவுகோலை நிறுத்தினேன். 28 சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. பஸ்ல் பைப் இல்லவே இல்லை. உச்சியிலிருந்து இறங்கும் டவுன்கமர் குழாய் டஸ்ட் கேச்சருக்குப் போகாமல் காஸ்ட் ஹவுஸ் கூரையில் போய் முட்டி நின்றது.

ஊதுலை தெரிந்தவர்களுக்கு இதன் அபத்தம் புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலிருந்து தாதுவும் கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் விழும். ஸ்டவ்களில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய காற்று, உலையின் இடுப்பைச் சுற்றி வளையம்போல ஓடும் பஸ்ல் பைப்புக்கு வந்து, அதிலிருந்து பிரிந்து டுயர் என்ற மூக்குகள் வழியே உள்ளே பாயும். வேலை முடித்த வாயு உச்சி வழியாக வெளியேறி, டவுன்கமரில் இறங்கி, டஸ்ட் கேச்சரில் தூசியைக் கொட்டிவிட்டு, வாஷரில் கழுவப்பட்டு, அதில் ஒரு பங்கு திரும்ப ஸ்டவ்களிலேயே எரிந்து அடுத்த காற்றைச் சூடாக்கும். அந்தச் சுற்றுதான் ஊதுலை. கேரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து காட்டலாம். பஸ்ல் பைப் இல்லாத ஊதுலை மூச்சுக்குழல் இல்லாத உடம்பு. இதை விட்டுவிட்டு ஒருவர் துரு நிறத்தை மட்டும் அள்ளிப் பூசி 'டீட்டெய்ல்' என்று விற்கிறார்.

டார்பிடோ காரை மெல்லத் தள்ளிப் பார்த்தேன். தளத்தின் விளிம்பில் இடித்து நின்றது. லைன் மட்டும் சரியான எச்.ஓ. லைன், அகலம் 16.5 மி.மீ. ஆனால் தலைக்குமேல் இடம் இல்லை. எதற்காக இவ்வளவு செலவு செய்தேனோ அந்த ஒரு ஓட்டமே நடக்காது.

கேட்டதற்கு வந்த பதில்: 'செலெக்டிவ் கம்ப்ரெஷன், எல்லா மாடலரும் செய்வதுதான்.' இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் பின்வாங்காதீர்கள். அப்படி ஒரு வழக்கம் இருப்பது உண்மை. எச்.ஓ.வில் ஒரு மைல் என்றால் 60 அடிக்கு மேல் வரும். அசல் ஆலையை அப்படியே வைக்க யார் வீட்டு பேஸ்மென்ட்டும் போதாது. அதனால் கட்டடத்தின் நீளத்தைக் குறைப்போம், மூன்று ஷெட் இருக்கும் இடத்தில் ஒன்று வைப்போம். ஆனால் மனிதன் நுழையும் கதவையும் ரயில் நுழையும் வழியையும் யாரும் சுருக்குவதில்லை. அதைச் சுருக்கினால் அதன் பெயர் வேறு ஸ்கேல்.

அது என்ன ஸ்கேல் என்பதைக் கண்டுபிடித்தது கொலம்பஸில் இருக்கும் ஒரு தம்பி. போர் விளையாட்டு மினியேச்சர்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். படங்களை அனுப்பியதும் கூப்பிட்டார்.

"அண்ணா, இதுல கதவு எவ்வளவு உயரம்னு அளந்து சொல்லுங்க."

"இருபது மில்லிமீட்டர்."

"அப்போ சந்தேகமே இல்லண்ணா. இது நாங்க மேஜைல வச்சு விளையாடுற டெரெய்ன், அதாவது போர்க்கள செட்டு. 1:100. இதே ஃபைலை வாங்கி பிரிண்ட் பண்ணி எங்க கிளப்புலயே வச்சிருக்கோம். பின்னாடி சுவர்ல குண்டு பட்ட ஓட்டை இருக்கான்னு பாருங்க, புட்டிப் பசை வச்சு அடைச்சிருப்பான்."

திருப்பிப் பார்த்தேன். இருந்தது. கூரைக்குக் கீழே இரண்டு இடத்தில் புட்டி, அதன்மேல் துரு நிறம்.

கணக்கும் பொருந்துகிறது. இரண்டு மீட்டர் கதவு 1:100இல் 20 மி.மீ., 1:87இல் 23 மி.மீ. என் மில்லில் இருக்கும் கதவு எச்.ஓ. ஆளுக்கு ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. டார்பிடோ கார் இடித்ததற்கும், உலை குட்டையானதற்கும், பஸ்ல் பைப் இல்லாததற்கும் காரணம் ஒன்றே. யாரோ விளையாட்டுக்கு வரைந்த ஃபைலை பிரிண்ட் போட்டு, கைவேலை என்று சொல்லி விற்றிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் பணத்தோடு போனது என்று விட்டிருப்பேன். சில வாரம் கழித்து ஒரு ஸ்டவ்வின் அடியில் மேஜை பிசுபிசுத்தது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மயிரிழைபோல ஒரு விரிசல், அதிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்து பெயின்ட்டைத் தூக்கியிருந்தது. ரெசினில் உள்ளீடற்ற பாகத்தை பிரிண்ட் செய்தால் அடியில் வடிகால் ஓட்டை வைத்து, உள்ளே இருக்கும் திரவத்தை வடித்து, ஆல்கஹாலில் கழுவி, புறஊதா ஒளியில் உறைய வைக்க வேண்டும். ஓட்டை வைக்காமல் அடைத்துவிட்டால் உறையாத ரெசின் உள்ளேயே தங்கி, நாளாவட்டத்தில் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உறையாத ரெசின் தோலில் பட்டால் எரிச்சல் வரும், தொடர்ந்து பட்டால் ஒவ்வாமையாகவே நிலைத்துவிடலாம். லேஅவுட் அறையில் குழந்தைகள் ஓடியாடும் வீடுகள் நம் வீடுகள். ரயில் பார்க்க வரும் பிள்ளை முதலில் கை வைப்பது உயரமான பொருளில்தான். இந்த ஆளிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து நைட்ரைல் கையுறை போட்டு ஸ்டவ்களின் அடியை இன்றே பாருங்கள். கசிந்தால் சிங்கில் கழுவாதீர்கள். துடைத்த காகிதத்தை வெயிலில் வைத்து நன்றாக உறைந்தபின் குப்பையில் போடுங்கள்.

பணம் விஷயம். பேபாலில் கெடு தாண்டிவிட்டது. வங்கி ஜெல்லுக்குக் கை விரித்துவிட்டது. பென்சில்வேனியாவில் 12,000 டாலர் வரை சிறு வழக்குகளை மாவட்ட மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தில் போடலாம். ஆனால் ஆள் இருப்பது வேறு மாநிலத்தில், அதனால் அது எனக்குச் சுலபமில்லை. அவருடைய மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் பிரிவிலும் ஈமெயில்கள், அளவு படங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஆளைப் பற்றிப் பலர் கொடுத்தால்தான் அது எடுபடும். ஆகவே பாதிக்கப்பட்டவர்கள் கூச்சப்படாமல் கொடுங்கள்.

யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும் பணத்தை வேலையின் கட்டங்களாகப் பிரித்துக் கொடுங்கள், ஒவ்வொரு கட்டத்தையும் கிரெடிட் கார்டில் கொடுங்கள், டெலிவரி தேதி 180 நாளுக்கு உள்ளே இருக்கட்டும். படம் கேட்டால் முழு மாடலும், பக்கத்தில் அளவுகோலும், அன்றைய தேதி எழுதிய காகிதமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் காரை அனுப்பிவைத்து, அது அடியில் ஓடுவதை வீடியோவாகக் கேட்பது இன்னும் நல்லது. நேர்மையாகச் செய்பவர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. சந்தோஷமாகக் காட்டுவார்கள், தங்கள் வேலையைக் காட்டுவதில் அவர்களுக்கே பெருமை.

நான் இப்போது ஸ்டவ்களை பி.வி.சி. குழாயில் நானே செய்துகொண்டிருக்கிறேன். இங்கே கடையில் இரண்டரை அங்குலம் என்று விற்கும் குழாயின் வெளிவிட்டம் 73 மி.மீ., எச்.ஓ.வில் ஏறக்குறைய 21 அடி. ஸ்டவ்வுக்குக் கச்சிதமான அளவு. யாருக்காவது வேண்டுமென்றால் வரைபடத்தை இலவசமாகத் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. அதே ஆள் இந்த மாதம் 'N' ஸ்கேலிலும் ஸ்டீல் மில் செய்து தருவதாகப் புதிய விளம்பரம் போட்டிருக்கிறார், அதாவது 1:160. அதே கடன் வாங்கிய படங்கள்தான். அவரிடம் பேச்சுவார்த்தையில் இருப்பவர்கள் அந்த மாடலின் ஆள் நுழையும் கதவு எத்தனை மி.மீ. என்று எழுத்தில் கேளுங்கள். பன்னிரண்டரை என்று, அளவுகோல் வைத்த படத்தோடு பதில் வராவிட்டால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.