லின்சீடா, டங் ஆயிலா, வால்நட்டா?

மரத்துக்கு எண்ணெய் என்றதும் நம் வீட்டில் கை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குத்தான் போகும். அன்றைக்குப் பளபளக்கும். ஆனால் அது காயவே காயாது. தூசி அப்பும், சிக்கு வாடை அடிக்கும். காயும் எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துப் பிசின்போல இறுகும். அந்தச் சுபாவத்தைக் காட்டுவது அயோடின் எண், அது கூடக்கூட நன்றாகக் காயும். ஆளிவிதை எண்ணெய்க்கு (அதுதான் லின்சீட்) 170-க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி.

ஆளிவிதை எண்ணெயில் எதுவும் கலக்காத பச்சை எண்ணெய் என்றால் ஒரு பூச்சு காய வாரக்கணக்காகும். கிரிக்கெட் மட்டைக்குத் தடவுவது அதைத்தான். மரவேலைக்கு ஹார்டுவேர் கடையில் ‘டபுள் பாயில்ட்’ கேளுங்கள். உலோக உப்புகள் கலந்திருப்பதால் ஒரு நாளில் கையில் ஒட்டாது. விலையும் குறைவு, ரேகையும் துலங்கும். போகப்போக மஞ்சளேறும் என்பது ஒரு குறை. பெரிய குறை, தண்ணீர்.

ஒரே வேங்கைப் பலகையைத் துண்டு போட்டு, எண்ணெய்க்கொரு துண்டாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு ஈர டம்ளரை ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன். காலையில் லின்சீட் துண்டில் அழகாக ஒரு வட்டம்! டங் துண்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

டங் ஆயில் சீனத்து மரம் ஒன்றின் கொட்டையில் எடுப்பது. அங்கே படகுகளுக்குப் பூசிவந்த எண்ணெய். ஈரத்தை நன்றாகத் தாங்கும், மஞ்சளும் குறைவு. ஆனால் பொறுமை வேண்டும். பூச்சுக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி, கெட்டியாகப் பூசினால் சுருங்கிவிடும். முதல் பூச்சில் டர்பன்டைன் கலந்தால் நன்றாக இறங்கும். இன்னொன்று, ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று விற்பதில் பல வெறும் நீர்த்த வார்னிஷ். டப்பாவில் ‘100% சுத்தம்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

வால்நட் எண்ணெய் கரண்டிக்கும் காய் நறுக்கும் பலகைக்கும் போதும். மெதுவாகக் காயும், நிறம் அதிகம் மாறாது. கொட்டை ஒவ்வாமை உள்ள வீட்டில் மட்டும் வேண்டாம்.

என்னைக் கேட்டால் உள்கதவுக்கும் அலமாரிக்கும் டபுள் பாயில்டே போதும். சாப்பாட்டு மேசைக்கு டங். வெயிலும் மழையும் அடிக்கும் வாசல் கதவுக்கு எண்ணெயை மட்டும் நம்பமாட்டேன்.

எதைப் பூசினாலும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். 1991-இல் ஃபிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் எரிந்தது லின்சீட் நனைந்த துணியால்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். என் துணிகள் மொட்டை மாடிக் கொடியில், ஒவ்வொன்றாக விரித்துத்தான் காயும்.