அன்லிமிடெட் பிளானில் இரண்டரை வருடம்

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. நான்காவது மாதக் கடைசி வாரத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்து போனது, படம் போகவில்லை. சிம்மைக் கழற்றி மாட்டினேன், போனை அணைத்துப் போட்டேன், பாவம் டவரையும் திட்டினேன். ஸ்பீடு டெஸ்ட் 0.12 எம்பிபிஎஸ் என்றது. மறுநாளும் அதே 0.12. மாதம் பிறந்ததும் தானாகச் சரியானது.

பிறகுதான் விதிமுறைகளைப் படித்தேன். குறிப்பிட்ட ஜிபி தாண்டினால் வேகம் 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட். எட்டு பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு 16 கிலோபைட். 3 எம்பி புகைப்படம் ஒன்று போக மூன்று நிமிடத்துக்கு மேலாகும். டேட்டா தீராது, வாஸ்தவம்தான். பயன்படுத்தவும் முடியாது.

அதன்பின் இதைவிடப் பெரிய வரம்புள்ள பிளானுக்கு மாறினேன். அங்கே வேறு கதை. சிக்னல் கோடு முழுசாக நிற்கும், இரவு எட்டு மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும், விடிகாலை ஐந்துக்குப் பறக்கும். வரம்பைத் தாண்டியவர்களை நெரிசல் நேரத்தில் வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஸ்பீடு டெஸ்டில் எந்நேரமும் ஒரே எண் வந்தால் வேகத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். மணிக்கு மணி மாறினால் நெரிசல். நான் இப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

வீடியோவுக்கு மட்டும் தனி வரம்பு இருப்பது தெரிய ஒரு வருடம் ஆனது. ஸ்பீடு டெஸ்டில் 60 எம்பிபிஎஸ், வீடியோவின் தரமோ சுமாரான 480பி-யைத் தாண்டாது. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட்.காம் தன் சொந்த சர்வர்களிலிருந்தே வேகத்தை அளக்கிறது, அதில் 1.5 எம்பிபிஎஸ்தான் வந்தது. என்ன பார்க்கிறோம் என்பதை நிறுவனத்திடமிருந்து மறைக்கும் விபிஎன் போட்டதும் ஏறியது. ஆனால் மாத வரம்பு தீர்ந்தபின் விபிஎன் உதவாது, அதன் வழியே போவதும் கணக்கில் சேரும். ஹாட்ஸ்பாட்டுக்கு இன்னொரு வரம்பு. அதை லேப்டாப் அப்டேட் ஒன்றே விழுங்கிவிட்டது.

அமெரிக்காவில் அன்லிமிடெட் பிளானில் இப்படி வேகத்தைக் குறைத்ததற்காக ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் மீது, நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி 2014-இல் வழக்குப் போட்டது. 2019-இல் 6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வாடிக்கையாளருக்குச் சரியாகத் தெரிவிக்காமல் வேகத்தைக் குறைத்தது என்பதே அங்கே புகார். என் புகாரும் அதேதான்.

பிளானை விடவில்லை. புகைப்பட பேக்கப்பை வைஃபைக்கு மாற்றிவிட்டேன், வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிட்டேன். இருபதாம் தேதிக்குமேல் டேட்டா மீட்டரைப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வரம்பு தீர்ந்த செய்தி மட்டும் இன்னும் வேகம் குறைந்த பிறகே வருகிறது.